ஈதர்நெட் வேடம் கட்டிய ஏ.டி.எம்.



ஏ.டி.எம். பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல. 'அசிங்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற வலைத் தொழில்நுட்பம். உங்கள் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கும். செல்லின் அமைப்பைப் படத்துடன் விளக்கச் சொல்லிக் கேள்வி வரும். கட்டம் போட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். நான் பேச நினைப்பது அந்தக் கட்டத்துக்கு அப்பால் உள்ளதை. தொலைபேசிக்காரர்கள் தங்கள் தேவைக்காகச் செய்த ஒரு தொழில்நுட்பம், ஒரே கட்டடத்துக்குள் ஓடும் லேனுக்குள் எப்படி நுழைந்தது, நுழைந்த பிறகு அங்கே என்ன பாடுபட்டது?

1990களின் தொடக்கத்தில் ஓர் அலுவலக லேன் என்றால் பெரும்பாலும் 10 மெகாபிட் ஈதர்நெட். அந்த 10 மெகாபிட்டும் ஒருவருக்கே உரியதல்ல. ஹப்பில் செருகிய அத்தனை கணினிக்கும் பொது. ஒருவர் அனுப்பும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால் மோதல். இருவரும் பின்வாங்கி, சற்றுக் கழித்து மறுபடி முயல வேண்டும். கோப்பு நகலெடுக்க, அச்சுக்கு அனுப்ப இது தாராளம். குரலும் படமும் வந்தால்தான் தொல்லை. 1500 பைட் பாக்கெட் ஒன்று 10 மெகாபிட் கம்பியில் ஏறி முடிக்க 1.2 மில்லி விநாடி ஆகும். முன்னால் இப்படிப் பத்துப் பாக்கெட் நின்றால், பின்னால் வரும் குரல் துண்டு 12 மில்லி விநாடி காத்துக் கிடக்கும். அடுத்த துண்டுக்கு முன்னால் எதுவுமே இருக்காது. அது உடனே போய்விடும். தாமதத்தைவிட, தாமதம் ஒரு நேரம் போல் இன்னொரு நேரம் இல்லாததுதான் கேட்பவர் காதைக் குடையும்.

100 மெகாபிட் எஃப்.டி.டி.ஐ. வளையம் அப்போதே வந்திருந்தது. விலை அதிகம், அதுவும் பொதுக் கம்பிதான். இந்த நேரத்தில்தான் தொலைபேசி உலகத்திலிருந்து ஒரு குரல் வந்தது: எங்களிடம் ஒரு முறை இருக்கிறது, குரல், படம், தரவு மூன்றும் ஒரே கம்பியில் போகும், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது, மேசையிலிருந்து கடல் கடந்த ஊர் வரை ஒரே முறை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. 1991இல் ஏ.டி.எம். ஃபோரம் தொடங்கியது. சிஸ்கோ, நார்தர்ன் டெலிகாம், ஸ்பிரின்ட் போன்றவை முதல் வரிசையில் நின்றன. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சேர்ந்துவிட்டன.

அந்த முறையின் வேர் இன்னும் பழையது. 1980களின் முற்பகுதியில் பிரான்சின் லானியோன் ஊரில் இருந்த தொலைத்தொடர்பு ஆய்வுக்கூடத்தில் ஜான்-பியர் குத்ரூஸ் குழுவினர் 'பிரெலூட்' என்ற சோதனையைச் செய்தார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிசின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் டர்னர் வேகப் பாக்கெட் ஸ்விட்ச்சிங்கில் உழைத்துக்கொண்டிருந்தார். அதுவரை தொலைபேசி வலையில் ஒவ்வோர் அழைப்புக்கும் நேரத்தில் ஓர் இடம் நிரந்தரமாக ஒதுக்கப்படும். பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த இடம் அவருக்கே. ஏ.டி.எம். அந்த ஒதுக்கீட்டை நீக்கியது. கம்பியில் ஒரே அளவுள்ள செல்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். யாரிடம் அனுப்ப ஏதாவது இருக்கிறதோ அவருடைய செல் அடுத்து ஏறும். யாரிடமும் இல்லாவிட்டால் வெற்றுச் செல் ஏறும். எந்தச் செல் யாருடையது என்பதை அது வரும் நேரம் சொல்லாது, அதன் ஹெட்டர் சொல்லும். 'அசிங்க்ரனஸ்' என்பதன் பொருள் அவ்வளவுதான்.

செல்லின் அளவு 53 பைட். ஹெட்டர் 5, சரக்கு 48. கணினிக்காரர் எவரும் இப்படி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். இது பேரத்தில் பிறந்த எண்.

தொலைபேசிக் குரல் விநாடிக்கு 8000 பைட். ஒரு செல் நிரம்பும் வரை குரல் காத்திருக்க வேண்டும். 32 பைட் நிரம்ப 4 மில்லி விநாடி, 64 பைட் நிரம்ப 8 மில்லி விநாடி. இந்தக் காத்திருப்பு கூடக்கூட, பேசுபவருக்குத் தம் குரலே எதிரொலியாகத் திரும்பிக் கேட்கும். அதை அடக்கத் தனிக் கருவி வைக்க வேண்டும். பிரான்ஸ் அளவில் சிறிய நாடு. 32 பைட்டாக இருந்தால் நாட்டுக்குள் அந்தக் கருவி இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அமெரிக்கா அகலமான நாடு. எதிரொலிக் கருவியை எப்படியும் வைத்தே ஆக வேண்டும். அப்படியிருக்க, ஹெட்டர் வீணாவதையாவது குறைப்போம், 64 பைட் வேண்டும் என்றார்கள். 1989இல் சர்வதேசத் தொலைத்தொடர்புக் குழுவில் விவகாரம் 48இல் போய் நின்றது. இரண்டுக்கும் நட்டநடு. ஐரோப்பாவுக்கும் முழு நிம்மதி இல்லை, அமெரிக்காவுக்கும் இல்லை. லேன்காரர்களை யாரும் கேட்கவே இல்லை. ஒரு கட்டடத்துக்குள் ஓடும் கோப்புகள், பாரிசின் தொலைபேசி எதிரொலிக்காக 48 பைட்டாக நறுக்கப்பட வேண்டியதாயிற்று.

இனி அந்த 5 பைட். மொத்தம் 40 பிட். கணினிக்கும் ஸ்விட்சுக்கும் இடையே ஓடும் செல்லில் முதல் 4 பிட் ஓட்டக் கட்டுப்பாட்டுக்கு என்று வைத்தார்கள்; நடைமுறையில் யாரும் பயன்படுத்தவில்லை. அடுத்த 8 பிட் வி.பி.ஐ., பாதையின் எண். அதையடுத்து 16 பிட் வி.சி.ஐ., பாதைக்குள் ஓடும் தடத்தின் எண். பிறகு 3 பிட், இது என்ன வகைச் செல், வழியில் நெரிசலைச் சந்தித்ததா, பாக்கெட்டின் கடைசித் துண்டா என்று சொல்லும். அடுத்த 1 பிட், நெரிசல் வந்தால் முதலில் தூக்கி எறியலாமா என்று சொல்லும். கடைசி 8 பிட், முந்தைய 32 பிட்டும் சரியாக வந்தனவா என்று பார்க்கும் எச்.இ.சி.

இதில் சேருமிட முகவரி எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. ஈதர்நெட் பாக்கெட் ஒவ்வொன்றும் முழு முகவரியைச் சுமந்து போகும். ஏ.டி.எம். செல் ஒரு தட எண்ணை மட்டும் சுமக்கும். அந்த எண்ணுக்கும் ஒரு கம்பிக்கு உள்ளேதான் பொருள். உங்கள் கணினி ஸ்விட்சின் 1ஆம் போர்ட்டில் இருக்கிறது, சர்வருக்குப் போகும் இணைப்புக்கு வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சின் அட்டவணையில் ஒரு வரி இருக்கும்: 1ஆம் போர்ட்டில் 0/40 வந்தால் 3ஆம் போர்ட்டில் 0/72 என்று விடு. செல் வரும், எண் மாறும், எச்.இ.சி. புதிதாகக் கணக்கிடப்படும், வெளியேறும். அடுத்த ஸ்விட்சில் 0/72 வேறோர் எண்ணாக மாறும். தேடல் கிடையாது, யோசனை கிடையாது. எண்ணைக் கொண்டு நேராக அட்டவணை வரிக்குப் போகலாம். செல் எல்லாம் ஒரே அளவு என்பதால் இதை முழுக்க முழுக்கச் சில்லிலேயே செய்துவிட முடிந்தது. அன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் மென்பொருளில் பாக்கெட்டைப் புரட்டிக்கொண்டிருந்தன என்பதை நினைவில் வைத்தால், ஏ.டி.எம். ஸ்விட்சைப் பார்த்து ஏன் அசந்துபோனார்கள் என்பது விளங்கும்.

எச்.இ.சி. பைட்டைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல எனக்கு ஆசை. ஈதர்நெட்டில் பாக்கெட் தொடங்குகிறது என்பதற்கு முன்னறிவிப்பு உண்டு. ஏ.டி.எம்.மில் பிட்டுகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். செல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு எந்தக் கொடியும் கிடையாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? பெறும் கருவி வருகிற ஓட்டத்தில் ஏதோ ஓரிடத்தில் 5 பைட்டை எடுத்து, கடைசி பைட் முதல் நான்குக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் நகர்ந்து மறுபடி பார்க்கும். பொருந்திவிட்டால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே 53 பைட் தள்ளி அடுத்ததைப் பார்க்கும். தொடர்ந்து ஆறு முறை பொருந்தினால், ஆம், செல்லின் எல்லை இதுதான் என்று உறுதிசெய்துகொள்ளும். பிறகு தொடர்ந்து ஏழு முறை தப்பினால்தான் பிடியை விட்டு மீண்டும் தேடத் தொடங்கும். பிழையைப் பார்க்க வைத்த பைட்டே எல்லைக்கல்லாகவும் நிற்கிறது. போதாததற்கு, ஹெட்டரில் ஒரே ஒரு பிட் தவறினால் அதைத் திருத்தியும் கொடுத்துவிடும். எட்டே பிட்டில் மூன்று வேலை. செல்லின் அளவைப் பேரம் பேசித்தான் முடிவுசெய்தார்கள். ஆனால் இந்த எச்.இ.சி.யைச் செய்தவர்கள் நல்ல பொறியாளர்கள்.

கணினியின் பாக்கெட்டைச் செல்லாக நறுக்கும் அடுக்குக்கு ஏ.ஏ.எல். என்று பெயர். தரவுக்கென்று முதலில் வந்த வகை, 48 பைட்டிலும் 4 பைட்டைத் தன் கணக்குக்காக எடுத்துக்கொண்டது. கணினிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1991இல் சன் மைக்ரோசிஸ்டம்சின் டாம் லயான் எளிய மாற்று ஒன்றை முன்வைத்தார், அதுதான் ஏ.ஏ.எல். 5 ஆயிற்று. பாக்கெட்டின் வாலில் 8 பைட் சேர்ப்பது, அதில் நீளமும் பிழை பார்க்கும் 32 பிட் சி.ஆர்.சி.யும் வைப்பது, மொத்தம் 48ஆல் வகுபடும்படி இடையில் நிரப்புவது, நறுக்கி அனுப்புவது, கடைசிச் செல்லின் ஹெட்டரில் ஒரு பிட்டை 1 ஆக்குவது. முடிந்தது.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம். டி.சி.பி.யின் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகைப் பாக்கெட் 40 பைட். வால் 8. மொத்தம் 48, கச்சிதமாக ஒரே செல். ஆனால் எந்த நெறிமுறையின் பாக்கெட் இது என்று சொல்ல முன்னால் இன்னொரு 8 பைட் ஒட்டுவது வழக்கம். 56 ஆகிவிடும். இரண்டாவது செல் வேண்டும். அதில் 40 பைட் வெறும் நிரப்பு. 40 பைட் செய்திக்குக் கம்பியில் 106 பைட் ஓடும். பெரிய பாக்கெட்டில் இவ்வளவு மோசமில்லை. 155.52 மெகாபிட் இணைப்பில், அதைச் சுமக்கும் சோனெட் சட்டகம் போக 149.76 மிஞ்சும்; செல் ஹெட்டர் போக 135.6. ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஹெட்டருக்கே போகிறது என்பதால் 'செல் வரி' என்று கிண்டலாகச் சொன்னார்கள். லேனில் ஏ.டி.எம். தோற்றதற்கு இந்த வரியைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 10 மெகாபிட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தவனுக்கு 135 கிடைத்தால், அவன் 20 போனதற்கு அழ மாட்டான்.

காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

ஏ.டி.எம்.மில் பேசத் தொடங்குமுன் இணைப்பு போட வேண்டும், தொலைபேசி போல. கணினி 0/5 என்ற தடத்தில் ஸ்விட்சுக்கு ஒரு கோரிக்கை அனுப்பும்: இந்த 20 பைட் முகவரியோடு எனக்கு இணைப்பு வேண்டும், இவ்வளவு வேகம், இந்த வகைச் சேவை. வழியில் உள்ள ஸ்விட்ச் ஒவ்வொன்றும் தன்னால் முடியுமா என்று பார்த்து, முடியும் என்றால் ஏற்கும், முடியாவிட்டால் மறுக்கும். ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தம். மாறாத வேகம் வேண்டுவோருக்கு சி.பி.ஆர்., ஏறியிறங்கும் வேகத்துக்கு வி.பி.ஆர்., கிடைத்ததை அனுப்புவோருக்கு யு.பி.ஆர்., நெரிசலைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்போருக்கு ஏ.பி.ஆர். சொன்ன வேகத்தை மீறினால் ஸ்விட்ச் அந்தச் செல்லில் குறி போடும், அல்லது அங்கேயே தூக்கி எறிந்துவிடும். குரலுக்கும் படத்துக்கும் இப்படி எழுத்தில் கொடுத்த வாக்குறுதி ஈதர்நெட்டில் அன்று கிடையாது. ஏ.டி.எம்.மின் உயிர் அங்கேதான்.

ஆனால் லேன் மென்பொருள் எல்லாம் எப்படி எழுதப்பட்டிருந்தது? ஈதர்நெட்டை நம்பி. ஈதர்நெட்டின் பழக்கம் தண்டோரா. 'இந்த ஐ.பி. முகவரி யாருடையது?' என்று ஒரு கணினி கூவும். அத்தனை பேர் காதிலும் விழும். உரியவர் பதில் சொல்வார். பொதுக் கம்பியில் கூவுவதற்குச் செலவில்லை. ஏ.டி.எம்.மில் கூவவே முடியாது. யாரோடு பேசுவது என்று தெரிந்தால்தானே இணைப்பு போட முடியும்?

இதற்கு இரண்டு விடைகள் வந்தன. ஒன்று, 1994 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 1577 ஆக வந்த 'கிளாசிக்கல் ஐ.பி.' கூவாதே, ஒரு சர்வரை வைத்து அதனிடம் கேள் என்றது. எளிமையானது, பாக்கெட்டும் 9180 பைட் வரை பெரியதாக இருக்கலாம். ஆனால் ஐ.பி.க்கு மட்டும்தான். அன்று அலுவலகங்களில் நாவல் நெட்வேரின் ஐ.பி.எக்ஸ்., ஆப்பிள்டாக், நெட்பயாஸ் என்று வேறு பல மொழிகளும் நடமாடின. அவற்றை என்ன செய்வது? இரண்டாவது விடை, 1995 ஜனவரியில் ஏ.டி.எம். ஃபோரம் வெளியிட்ட லேன் எமுலேஷன். மேலே உள்ள மென்பொருளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். கீழே இருப்பது ஈதர்நெட் என்றே அது நம்பட்டும். ஏ.டி.எம். ஈதர்நெட் வேடம் கட்டிக்கொள்ளும்.

வேடம் கட்ட எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு கணினியிலும் ஒரு வாடிக்கை நிரல், எல்.இ.சி. எந்தக் குழுவில் சேர வேண்டும் என்று சொல்ல ஒரு கட்டமைப்பு சர்வர், எல்.இ.சி.எஸ். மேக் முகவரிக்கு எந்த ஏ.டி.எம். முகவரி என்று பதிவேடு வைத்திருக்க ஒரு சர்வர், எல்.இ.எஸ். தண்டோரா போட ஒரு சர்வர், அதற்குப் 'பஸ்' என்று பெயர்.

காலையில் ஒருவர் வந்து கணினியைப் போடுகிறார். அவருடைய கார்டு முதலில் 0/16 தடத்தில் ஸ்விட்சோடு பேசும். ஸ்விட்ச் முகவரியின் முதல் 13 பைட்டைக் கொடுக்கும். கார்டு தன் 6 பைட் மேக் எண்ணையும் கடைசி 1 பைட்டையும் சேர்த்து 20 பைட் முகவரி ஆக்கிக்கொள்ளும். பிறகு கட்டமைப்பு சர்வருக்கு ஓர் இணைப்பு போட்டு, நான் எந்த லேனைச் சேர்ந்தவன் என்று கேட்கும். எல்.இ.எஸ். முகவரி கிடைக்கும். அதற்கு இன்னோர் இணைப்பு போட்டுச் சேர அனுமதி கேட்கும். அனுமதியோடு 2 பைட் அடையாள எண் வரும். எல்.இ.எஸ். தன் பக்கமிருந்து எல்லோருக்கும் சேர்த்து வைத்திருக்கும் கிளை இணைப்பில் இவரையும் சேர்த்துக்கொள்ளும். அடுத்து, 48 பிட்டும் 1 ஆக இருக்கும் ஒலிபரப்பு முகவரி யாருடையது என்று கேட்கும். பஸ்ஸின் முகவரி பதிலாக வரும். பஸ்ஸுக்கு ஓர் இணைப்பு போடும். பஸ் தன் கிளை இணைப்பில் இவரையும் சேர்க்கும். ஒரு பைட் வேலை இன்னும் நடக்கவில்லை.

இப்போது அவர் சர்வரிலிருந்து கோப்பு ஒன்றைத் திறக்கிறார். மேலே உள்ள மென்பொருள் வழக்கம்போல் ஒரு மேக் முகவரியை எழுதிப் பாக்கெட்டைக் கீழே தள்ளும். எல்.இ.சி.க்கு அந்த மேக்கின் ஏ.டி.எம். முகவரி தெரியாது. எல்.இ.எஸ்.ஸைக் கேட்கும். பதில் வரும் வரை சும்மா இருக்காமல், பாக்கெட்டைப் பஸ்ஸிடம் கொடுத்து எல்லோருக்கும் அனுப்பச் சொல்லும். அனுப்பியவருக்கே அந்தப் பாக்கெட் திரும்பி வந்து நிற்கும். அதை அடையாளம் கண்டு ஒதுக்கத்தான் அந்த 2 பைட் எண்ணை ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒட்டினார்கள். எல்.இ.எஸ். பதில் சொன்னதும் சர்வருக்கு நேர் இணைப்பு போடும். போட்டவுடன் அதில் அனுப்பிவிடலாமா? கூடாது. பஸ் வழியாகப் போன பழைய பாக்கெட் இன்னும் வழியில் இருக்கலாம்; நேர் இணைப்பில் போகும் புதியது முந்திவிட்டால் வரிசை குலையும்; ஈதர்நெட்டில் வரிசை குலையாது. ஆகவே பஸ் வழியாக ஒரு துடைப்புச் செய்தியை அனுப்பி, அது போய்ச் சேர்ந்தது என்ற பதில் வந்த பிறகே நேர் இணைப்பைத் திறக்கும். அந்த இணைப்பு 20 நிமிடம் சும்மா கிடந்தால் தானாகக் கலையும்.

சிரிக்காதீர்கள், இவ்வளவும் வேலை செய்தது. நன்றாகவே செய்தது. ஈதர்நெட் ஸ்விட்சுகளும் இதில் எல்.இ.சி.யாகச் சேர்ந்து, கட்டடத்தின் முதுகெலும்பாக ஏ.டி.எம்.மும் மேசையில் ஈதர்நெட்டுமாகப் பல வளாகங்கள் ஓடின. கணக்குத் துறை இரண்டு மாடியில் சிதறிக் கிடந்தாலும் ஒரே லேனாகச் சேர்த்துவிடலாம் என்ற வசதி பலருக்கு இதில்தான் முதலில் கிடைத்தது. இன்று நீங்கள் வீலேன் என்று செய்வது, 1998இல் 802.1கியூ என்று தரப்படுத்தப்பட்டது, அதே காரியம்தான்.

மின்சாரம் போய் வந்தால்தான் தெரியும் சேதி. கட்டடத்தில் உள்ள எல்லா எல்.இ.சி.யும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒவ்வொன்றும் நான்கைந்து இணைப்பு கேட்கும். செல்லைச் சில்லில் பறக்கவிட்ட ஸ்விட்ச், இணைப்புக் கோரிக்கையை மட்டும் மென்பொருளில்தான் கவனிக்க வேண்டும். அங்கே வரிசை நீளும். எல்.இ.எஸ். இருக்கும் பெட்டி பழுதானால் லேன் மொத்தமும் படுத்துவிடும். முதல் பதிப்பில் ஒரு லேனுக்கு ஒரே எல்.இ.எஸ்., ஒரே பஸ்.

இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வேடம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மேலே உள்ள மென்பொருளுக்கு ஈதர்நெட் மட்டுமே தெரிகிறது. ஈதர்நெட்டிடம் 'எனக்கு இந்த வேகம் உறுதியாக வேண்டும்' என்று கேட்க வழியில்லை. ஆகவே லேன் எமுலேஷன் முதல் பதிப்பில் எல்லாமே யு.பி.ஆர்., எந்த உறுதியும் இல்லாத வகை. எந்த வாக்குறுதிக்காக ஏ.டி.எம்.மை வாங்கினார்களோ அந்த வாக்குறுதியையே வேடம் மறைத்துவிட்டது. வாங்கியவருக்கு மிஞ்சியது, விலை கூடிய, வேகமான, நிர்வகிக்கக் கடினமான ஓர் ஈதர்நெட்.

உறுதியற்ற வகையில் டி.சி.பி.யை ஓட்டியபோது வேறொரு வினையும் முளைத்தது. 9180 பைட் பாக்கெட் ஒன்று 192 செல் ஆகும். நெரிசலில் ஸ்விட்ச் அதில் ஒரே ஒரு செல்லைத் தவறவிட்டாலும் சி.ஆர்.சி. பொருந்தாது, பாக்கெட் முழுவதும் குப்பை. மீதி 191 செல்லும் கம்பியை அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது வீண். நெரிசல் நேரத்தில் செத்த பாக்கெட்டின் உறுப்புகளையே வலை சுமந்துகொண்டிருக்கும். ஆலின் ரோமனோ, சாலி ஃபிளாய்ட் இருவரும் 1990களின் நடுவில் இதை ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்கள்: வரிசை ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், புதிதாகத் தொடங்கும் பாக்கெட்டை முதல் செல்லிலிருந்தே முழுசாகத் தூக்கி எறிந்துவிடு, ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டிருப்பதை முழுசாகப் போகவிடு. பலன் நன்றாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், செல்லை மட்டுமே பார்க்க வேண்டிய ஸ்விட்ச் பாக்கெட்டின் எல்லையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பாக்கெட் உலகம் கீழ் அடுக்கு வரை இறங்கி வந்துவிட்டது.

ஏ.பி.ஆர். வகைக்கு நெரிசலை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதில் ஃபோரத்துக்குள் பெரிய சண்டையே நடந்தது. ஹார்வர்டின் எச்.டி. குங் அணியினர் ஒவ்வொரு கம்பியிலும் இடம் இருந்தால் மட்டுமே அனுப்பும் கடன்-கணக்கு முறையை வாதாடினார்கள். 1994இல் வேகத்தைச் சொல்லிக் கட்டுப்படுத்தும் முறை வென்றது. தரம் முழுமையாக அச்சேறியபோது 1996. அதற்குள் சந்தை நகர்ந்துவிட்டது.

1995இல் 100 மெகாபிட் ஈதர்நெட், 1998இல் கிகாபிட் ஈதர்நெட். ஹப் போய் ஸ்விட்ச் வந்தது. மோதல் என்ற பேச்சே முடிந்தது. கிகாபிட்டில் 1500 பைட் பாக்கெட் ஏறி முடிக்க 12 மைக்ரோ விநாடி. குரல் துண்டுக்கு முன்னால் பத்துப் பாக்கெட் நின்றாலும் 120 மைக்ரோ விநாடிதான். எந்தக் காதுக்கும் தெரியாது. சின்னச் செல்லாக நறுக்கினால்தான் குரல் பிழைக்கும் என்ற வாதத்தின் காலடி நிலம் லேனில் இல்லாமல் போயிற்று. மேசைக் கணினிக்கென்று ஐ.பி.எம். முன்நின்று கொண்டுவந்த 25.6 மெகாபிட் மலிவு ஏ.டி.எம். கூட, 100 மெகாபிட் ஈதர்நெட் கார்டின் விலைக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் 1990இல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய ஃபோர் சிஸ்டம்ஸ்தான் லேன் ஏ.டி.எம்.மின் முகம். நால்வரின் பெயர்த் தலையெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. 1999இல் பிரிட்டனின் ஜி.இ.சி. அதை 450 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய நேரத்தில் லேனில் போட்டி முடிந்துபோயிருந்தது.

டாம் லயான் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரும் சேர்ந்து நிறுவிய இப்சிலான் நிறுவனம் 1996இல் ஒரு குறும்பு செய்தது. ஏ.டி.எம். ஸ்விட்சின் வன்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, இணைப்புக் கோரிக்கை, 20 பைட் முகவரி, லேன் எமுலேஷன் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மேலே ஐ.பி.யை ஓட்டியது. நிறுவனம் நிலைக்கவில்லை, அது தூண்டிவிட்ட சிந்தனை எம்.பி.எல்.எஸ். ஆகி 2001இல் ஆர்.எஃப்.சி. 3031 ஆக வந்தது. பாக்கெட்டின் தலையில் ஒரு சிறு எண், ஒவ்வொரு ரவுட்டரிலும் அட்டவணை பார்த்து அந்த எண்ணை மாற்றுவது. சற்று முன் 0/40, 0/72 என்று பார்த்தோமே, அதேதான். செல் போனது, எண் மாற்றும் வித்தை தங்கியது. இன்று பெரிய இணைய நிறுவனங்களின் முதுகெலும்பில் அது ஓடுகிறது.

லேனில் தோற்ற ஏ.டி.எம். வேகம் குறைந்த கம்பிகளில் நெடுநாள் வாழ்ந்தது. மூன்றாம் தலைமுறைக் கைபேசி வலையின் முதல் பதிப்புகளில் கோபுரத்துக்குப் பின்னால் ஓடியது அதுதான். உங்கள் வீட்டில் தொலைபேசிக் கம்பி வழி பிராட்பேண்ட் இருந்திருந்தால் அங்கேயும் இருந்தது. பி.எஸ்.என்.எல். மோடத்தை அமைக்கும்போது வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்று போடச் சொன்னார்கள். ஏன் எதற்கு என்று கேட்காமல் நாமும் போட்டோம். 0 முதல் 31 வரையான தட எண்கள் கட்டுப்பாட்டு வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவை. அதற்கு மேல்தான் நமக்கு. விநாடிக்குச் சில நூறு கிலோபிட் மட்டுமே ஏறும் கம்பியில் பெரிய பாக்கெட் உண்மையாகவே வழியை அடைக்கும். அங்கே செல்லுக்கு அர்த்தம் இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. லேனில் ஏ.டி.எம்.மைக் கொன்றது 53 பைட் அல்ல. அது தானாக நின்று தன் வாக்குறுதியைக் காட்டும் மென்பொருளை அநேகமாக யாரும் எழுதவில்லை; இருந்த மென்பொருளுக்காக அது வேடம் கட்டியது; வேடத்தில் அது தன் எதிராளியைப் போலவே தெரிந்தது; எதிராளி மலிவாக இருந்தான். இத்தனை கெட்டிக்காரர்கள் இத்தனை ஆண்டு உழைத்தது வீணா என்றால், எம்.பி.எல்.எஸ்.ஸைப் பார்த்துவிட்டு இல்லை என்பேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ கல்லூரிச் சாமான் அறையிலோ தொலைபேசிக் கம்பி பிராட்பேண்டுக்கான பழைய ஏ.டி.எஸ்.எல். மோடம் ஒன்று கிடக்கும். பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கம்பி இணைப்பு இன்னும் உயிரோடு உள்ள இடம் கிடைத்தால் செருகி, அதன் நிர்வாகப் பக்கத்தில் புள்ளிவிவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். பல மோடங்களில் எத்தனை செல் வந்தது, எத்தனை எச்.இ.சி. பிழை என்று எண்கள் இருக்கும். தொலைபேசிக் கம்பியைச் சற்று ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பிழை எண் ஏறக்கூடும். புத்தகத்துப் படத்தில் ஐந்தாவது பைட் என்ன வேலை செய்கிறது என்பதை அங்கே நேரிலேயே பார்த்துவிடலாம்.